கம்பைலருக்கும் உண்டு எல்லை!

கம்ப்யூட்டர் வாங்கி, டைப் அடிக்கப் பழகி, பாட்டுக் கேட்டு, படம் பார்த்து முடித்த பிறகு பலருக்கும் அடுத்து வரும் ஆசை, சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதிப் பார்க்க வேண்டும் என்பதுதான். நல்ல ஆசை. செலவும் இல்லை. ஜிசிசி, கிளாங் போன்ற தரமான கம்பைலர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அண்ணனோ அக்காவோ கல்லூரியில் படித்த பழைய சி++ புத்தகம் வீட்டில் இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் புரோகிராமை எழுத்துப் பிசகாமல் அடிக்கிறீர்கள். கம்பைல் செய்தால் வரிசையாக எர்ரர் மெசேஜ்கள்! புத்தகத்தை மறுபடி பார்க்கிறீர்கள். ஒரு புள்ளி, ஒரு கமா கூட மாறவில்லை. அப்படியானால் தப்பு யாருடையது?

"நமக்கு இதெல்லாம் வராது" என்று இந்த இடத்தில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவசரப்பட வேண்டாம். கம்பைலரும் மனிதர்கள் எழுதிய ஒரு புரோகிராம்தான். அதற்கும் எல்லைகள் உண்டு. நல்ல கம்பைலர்களைத் தயாரிப்பவர்கள் அந்த எல்லைகளை மறைப்பதில்லை. "தெரிந்த குறைபாடுகள்" என்று தனிப் பட்டியலே போட்டுத் தருகிறார்கள். அதில் என்ன இருக்கும், அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் இந்தப் பாடம்.

ஒரு குறிப்பு. புரோகிராம் வரிகளைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கம்பைலருக்குள் இரண்டு பேர்

நாம் எழுதும் சி அல்லது சி++ மொழி பிராசஸருக்குப் புரியாது. பிராசஸருக்குப் புரிகிற கட்டளைகளை நம்மால் எழுத முடியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்கும் துபாஷிதான் கம்பைலர்.

உண்மையில் இந்தத் துபாஷி ஒருவர் அல்ல, இரண்டு பேர். முதலாமவர் பெயர் ஃப்ரன்ட்-எண்ட். இவருக்கு நம் மொழி தெரியும். புரோகிராமைச் சொல் சொல்லாகப் பிரிப்பார். இலக்கணம் சரியா என்று பார்ப்பார். இல்லாத வேரியபிளைப் பயன்படுத்தியிருக்கிறோமா, எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வருகிறதா என்றெல்லாம் சோதிப்பார். எல்லாம் சரியாக இருந்தால் புரோகிராமை ஒரு பொதுவான இடைநிலை வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்துவிடுவார்.

இரண்டாமவர் பெயர் கோட் ஜெனரேட்டர். இவருக்கு நம் மொழி தெரியாது. பிராசஸரை மட்டும் நன்றாகத் தெரியும். இடைநிலை வடிவத்தை வாங்கி, எந்த எண்ணை எந்த ரிஜிஸ்டரில் வைப்பது, எந்தக் கட்டளையைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்து மெஷின் கோடாக எழுதித் தருவார். இவர்கள் இருவருக்கும் நடுவில், புரோகிராமை வேகமாக ஓடும்படி திருத்தும் ஆப்டிமைசர் என்ற பகுதியும் உண்டு.

எதற்காக இந்தப் பிரிவினை? 5 மொழிகள், 6 வகை பிராசஸர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி கம்பைலர் எழுதினால் 30 எழுத வேண்டும். இப்படிப் பிரித்துக்கொண்டால் 5 ஃப்ரன்ட்-எண்ட், 6 கோட் ஜெனரேட்டர், ஆக 11 போதும்.

ஜிசிசியின் கதையே இதற்கு உதாரணம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் அதை வெளியிட்டபோது அது சி மொழிக்கான கம்பைலர். பிறகு சி++, ஃபோர்ட்ரான், அடா என்று ஃப்ரன்ட்-எண்ட்கள் சேர்ந்தன. 1999-இல் "கம்பைலர் தொகுப்பு" என்று பெயர் விரிவே மாறியது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000-இல் தொடங்கிய எல்எல்விஎம் திட்டம் இன்னும் சுவையானது. 2003-இல் அதன் முதல் பதிப்பு வந்தபோது அதற்கென்று சொந்தமாக சி ஃப்ரன்ட்-எண்ட் கிடையாது. ஜிசிசியின் ஃப்ரன்ட்-எண்டைக் கடன் வாங்கித் தன் கோட் ஜெனரேட்டரோடு இணைத்துக்கொண்டது! கிளாங் என்ற சொந்த ஃப்ரன்ட்-எண்ட் வேலை பிறகுதான் ஆரம்பித்தது.

இரண்டு பேர் இருப்பதால் எல்லைகளும் இரண்டு வகை. இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வையுங்கள். ஃப்ரன்ட்-எண்டுக்கு ஒன்று தெரியவில்லை என்றால் அது சத்தம் போட்டுவிடும். எர்ரர் வரும், புரோகிராம் நின்றுவிடும், நஷ்டம் ஒன்றுமில்லை. கோட் ஜெனரேட்டர் பக்கத்து எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் சத்தமே வராது. புரோகிராம் ஓடும், விடையும் வரும். அந்த விடைதான் தவறாக இருக்கும்.

ஃப்ரன்ட்-எண்ட் எல்லைகள்

முதலில் பழைய புத்தகக் கதையை முடித்துவிடுவோம். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் நெடுங்காலம் டர்போ சி++ கம்பைலரில்தான் பாடம் நடந்தது. அது 1990-களின் தொடக்கத்தில் வந்த கம்பைலர். சி++ மொழிக்கு முதல் சர்வதேச ஸ்டாண்டர்ட் வந்ததோ 1998-இல். அதனால் "நேம்ஸ்பேஸ்" என்றால் டர்போவுக்குத் தெரியாது. "பூல்" என்றாலும் தெரியாது.

திருப்பிப் பாருங்கள். பழைய புத்தகத்தில் "ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்" என்று ஹெடர் ஃபைல் பெயர் இருக்கும். ஸ்டாண்டர்டில் கடைசியில் உள்ள "டாட் ஹெச்" இல்லை. "வாய்ட் மெயின்" என்று இருக்கும். ஸ்டாண்டர்ட்படி அது "இன்ட் மெயின்". திரையைத் துடைக்கும் "சிஎல்ஆர்ஸ்க்ர்" என்ற ஃபங்ஷன் இருக்கும். அது சி++ மொழியின் பகுதியே அல்ல, டாஸ் கம்ப்யூட்டருக்காக போர்லண்ட் நிறுவனம் கொடுத்த லைப்ரரி. இன்றைய ஜிசிசியில் இந்த மூன்றும் எர்ரர் தரும். இந்த மூன்று மாற்றங்களைச் செய்து, கூடவே "யூஸிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி" என்ற வரியைச் சேர்த்தால் பழைய புத்தகத்தின் ஆரம்ப அத்தியாயங்களில் உள்ள பெரும்பாலான புரோகிராம்கள் ஓடிவிடும். புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

இன்னொரு உதாரணம், 1998-இல் வந்த மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 6.0. "ஃபார்" லூப்புக்குள் அறிவிக்கும் வேரியபிள் அந்த லூப்போடு முடிந்துவிட வேண்டும் என்பது ஸ்டாண்டர்டின் விதி. இந்தக் கம்பைலரில் அது லூப்புக்கு வெளியேயும் உயிரோடு இருந்தது. இதனால் ஒரே ஃபங்ஷனில் "ஃபார் (இன்ட் ஐ = 0; ...)" என்று இரண்டு முறை எழுதினால், "ஐ ஏற்கெனவே இருக்கிறது" என்று எர்ரர் வந்தது. சரியான புரோகிராம்தான், கம்பைலர்தான் பழையது. 2005 பதிப்பிலிருந்து ஸ்டாண்டர்டின் விதியே இயல்பான வழக்கமாகிவிட்டது.

சில எல்லைகள் தீர்க்கப்படாமலேயே முடிந்துபோவதும் உண்டு. 1998 ஸ்டாண்டர்டில் டெம்ப்ளேட்களுக்காக "எக்ஸ்போர்ட்" என்று ஒரு வசதி இருந்தது. அதைச் செய்து கொடுப்பது மிகக் கடினம். எடிசன் டிசைன் குரூப் என்ற நிறுவனத்தின் ஃப்ரன்ட்-எண்ட் செய்து காட்டியது. ஜிசிசி கடைசிவரை செய்யவில்லை. "இந்த வசதி இல்லை" என்று எழுதி வைத்துவிட்டது. 2011 ஸ்டாண்டர்டில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள்.

தமிழில் வேரியபிள் பெயர்

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட எல்லை ஒன்று இருக்கிறது. வேரியபிளுக்கு "வட்டி" என்று தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாமா?

சி மொழியின் 1999 ஸ்டாண்டர்ட் இதற்கு இடம் கொடுத்தது. பெயர்களில் எந்தெந்த மொழி எழுத்துகள் வரலாம் என்ற பட்டியலில் தமிழும் இருந்தது, புள்ளியும் துணைக்கால் போன்ற குறிகளும் உட்பட. ஆனால் அனுமதி வேறு, ஃப்ரன்ட்-எண்ட் அதைச் செய்து கொடுப்பது வேறு. ஜிசிசியில் நெடுநாள் தமிழ் எழுத்தை நேரடியாக அடிக்க முடியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் யூனிகோட் எண்ணைச் சங்கேதமாக எழுத வேண்டும். நேரடியாக அடித்தால் "புரோகிராமில் தொலைந்து திரியும் 340" என்ற பொருளில் ஒரு விநோதமான எர்ரர் வரும். அது என்ன 340? யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. அதன் முதல் பைட்டின் மதிப்பை 8-அடிமான எண்ணாக எழுதினால் 340. ஃப்ரன்ட்-எண்ட் தமிழைப் பார்க்கவில்லை, அடையாளம் தெரியாத பைட்டைத்தான் பார்த்தது.

2020-இல் வந்த ஜிசிசி 10-ஆம் பதிப்பில் இந்த எல்லை நீங்கியது. இன்று "இன்ட்" என்பதை ஆங்கிலத்தில் அடித்து, பக்கத்தில் வட்டி என்று தமிழிலேயே அடித்தால் ஏற்றுக்கொள்ளும். ஃபைலை யூடிஎஃப்-8 முறையில் சேமித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அனுமதி வந்தது 1999-இல், வசதி வந்தது 2020-இல். நடுவில் 21 வருடம்! ஸ்டாண்டர்டில் இருப்பதெல்லாம் உங்கள் கம்பைலரில் இருக்கும் என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

கவனியுங்கள். இந்தப் பகுதியில் பார்த்த எல்லாவற்றிலும் கம்பைலர் வாயைத் திறந்து சொல்லிவிட்டது. புரியாத பாஷையில் சொன்னாலும் சொல்லிவிட்டது. அடுத்து வருவதுதான் கவனமாக இருக்க வேண்டிய பகுதி.

கோட் ஜெனரேட்டர் எல்லைகள்: 200 × 200 எவ்வளவு?

இந்த மூன்று வரிகளைப் பாருங்கள்.

இன்ட் ஏ = 200;
இன்ட் பி = 200;
லாங் சி = ஏ * பி;

சி-யின் மதிப்பு என்ன? 40000 என்றுதான் எவரும் சொல்வார்கள். டர்போ சி++ சொல்லும் விடை மைனஸ் 25536! எர்ரர் இல்லை, புரோகிராம் நிற்கவும் இல்லை.

காரணம் இதுதான். "இன்ட்" குறைந்தது 16 பிட் இருக்க வேண்டும் என்று மட்டுமே சி மொழி சொல்கிறது. டர்போவின் கோட் ஜெனரேட்டர் 16 பிட் பிராசஸருக்காக எழுதப்பட்டது. அதில் "இன்ட்" 16 பிட்தான். மைனஸ் 32768 முதல் 32767 வரைதான் கொள்ளும். 40000 அதில் அடங்காது. 65536 கழிந்து மைனஸ் 25536 ஆகிறது. விடையை வைக்கும் "லாங்" பெரிய பாத்திரம்தானே என்று கேட்கலாம். பாத்திரம் பெரிதுதான், ஆனால் பெருக்கல் நடந்தது இரண்டு சிறிய டம்ளர்களுக்கு இடையே. வழிந்தது வழிந்த பிறகுதான் விடை பெரிய பாத்திரத்துக்கு வருகிறது. ஏ, பி இரண்டில் ஒன்றையாவது "லாங்" என்று அறிவித்திருந்தால் சரியான விடை வந்திருக்கும்.

"அது பழைய கதை, இப்போது இன்ட் 32 பிட்" என்று நிம்மதி அடைய வேண்டாம். எல்லை தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவே. 32 பிட் "இன்ட்" அதிகபட்சம் 2147483647 வரை கொள்ளும். சுமார் 214 கோடி. 50000 × 50000 = 250 கோடி. ஏ, பி இரண்டுக்கும் 50000 கொடுத்துப் பாருங்கள். வழக்கமாக மைனஸ் 1794967296 என்று வரும். வழக்கமாக என்று சொல்லக் காரணம் உண்டு. "இன்ட்" வழிந்தால் என்ன ஆகும் என்று சி மொழி எந்த உறுதியும் தரவில்லை. அப்படி வழியவே வழியாது என்று எடுத்துக்கொள்ளும் உரிமை ஆப்டிமைசருக்கு உண்டு. அதை வைத்து நீங்கள் எழுதிய சோதனை வரியையே அது நீக்கிவிடவும் கூடும்.

இதில் இன்னொரு சிக்கல். 64 பிட் லினக்ஸில் "லாங்" 64 பிட். 64 பிட் விண்டோஸில் "லாங்" 32 பிட். ஒரே புரோகிராம், ஒரே பிராசஸர், இரண்டு விடை வரலாம். பெரிய எண்களுக்கு "லாங் லாங்" என்று எழுதுங்கள். அது எங்கும் குறைந்தது 64 பிட்.

ஓடும்போது வெளிப்படும் எல்லை

டர்போவில் படித்தவர்களிடம் "ஃப்ளோட்டிங் பாயின்ட் ஃபார்மட்ஸ் நாட் லிங்க்ட்" என்று சொல்லிப் பாருங்கள். லேப் தேர்வு ஞாபகம் வந்துவிடும். கம்பைல் ஆகும், எர்ரர் இல்லை. ஓடத் தொடங்கி, மாணவர் சம்பளத்தையோ சராசரியையோ டைப் செய்தவுடன் இந்த மெசேஜோடு புரோகிராம் நின்றுவிடும். எத்தனை முறை படித்தாலும் புரோகிராமில் தப்பு இருக்காது.

டாஸ் காலத்தில் புரோகிராம்களுக்குக் கிடைத்த நினைவகம் 640 கேபிதான். அதில் சிக்கனம் பிடிக்க, தசம எண்களைப் படிக்கும் பகுதியை டர்போ எல்லாப் புரோகிராமிலும் சேர்க்காது. தேவைப்படும் என்று தெரிந்தால்தான் சேர்க்கும். ஸ்ட்ரக்சர் வரிசைக்குள் இருக்கும் "ஃப்ளோட்" வேரியபிளுக்கு நேரடியாக "ஸ்கேன்எஃப்" எழுதினால், அந்தத் தேவையைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடும். இது போர்லண்டுக்குத் தெரிந்த குறைதான், மாற்று வழியும் சொல்லப்பட்டிருந்தது. சாதாரண "ஃப்ளோட்" வேரியபிள் ஒன்றில் மதிப்பை வாங்கி, பிறகு ஸ்ட்ரக்சருக்குள் போடுவது ஒரு வழி. ஒரு "ஃப்ளோட்" வேரியபிளின் முகவரியைப் பயன்படுத்தும் சின்ன டம்மி ஃபங்ஷனை எழுதி வைப்பது இன்னொரு வழி. இதை அறியாமல் எத்தனை மாணவர்கள் தங்கள் மேலேயே சந்தேகப்பட்டிருப்பார்கள்!

ஒரே கணக்கு, இரண்டு விடை

இப்போது மிகவும் பெயர்பெற்ற ஓர் எல்லை. ஜிசிசியின் குறை பதிவேட்டில் 323-ஆம் எண்ணில் இருப்பது. 2000-ஆம் ஆண்டில் பதிவானது. அதற்குப் பிறகும் பல வருடங்களுக்குப் புதிது புதிதாக ஆட்கள் வந்து இதையே புகார் செய்துகொண்டிருந்தார்கள்.

10 ÷ 3 கணக்கை எடுத்துக்கொள்வோம். கடையில் துண்டுத்தாளில் கணக்குப் போடும்போது 3.3333333333 என்று பத்து இலக்கம் எழுதுகிறீர்கள். பேரேட்டில் கட்டம் சின்னது, 3.33333 என்றுதான் எழுத முடிகிறது. மறுநாள் அதே கணக்கைத் துண்டுத்தாளில் மறுபடி போட்டு, பேரேட்டோடு ஒப்பிட்டால் இரண்டும் சமமா? இல்லை! ஆனால் எதிலும் கணக்குப் பிழை இல்லை.

1980-இல் வந்த இன்டெல் 8087 சிப்பின் வழியில் வந்த கணக்குப் பகுதிகள் இப்படித்தான் வேலை செய்தன. ரிஜிஸ்டருக்குள் 80 பிட் துல்லியத்தில் கணக்கு நடக்கும். "டபுள்" வேரியபிளாக நினைவகத்தில் எழுதும்போது 64 பிட்டாகச் சுருங்கும். எந்த எண் ரிஜிஸ்டரில் இருக்கும், எது நினைவகத்துக்குப் போய் வரும் என்பதை முடிவு செய்வது கோட் ஜெனரேட்டர். அதனால் "விடை = ஏ / பி" என்று போட்டு, அடுத்த வரியிலேயே "விடையும் ஏ / பி-யும் சமமா" என்று கேட்டால் "இல்லை" என்று வரலாம். ஆப்டிமைசேஷனை மாற்றினால் "ஆமாம்" என்று வரலாம். என்னதான் நடக்கிறது என்று பார்க்க நடுவில் ஒரு "பிரின்ட்எஃப்" போட்டால், அதனாலேயே எண் நினைவகத்துக்குப் போய்வந்து, பிரச்னை மறைந்தும் போகலாம்!

இதற்கு வழி பிறந்தது பிராசஸர் மாறியபோதுதான். 2000-இல் பென்டியம் 4-உடன் வந்த எஸ்எஸ்இ2 கட்டளைகளில் "டபுள்" கணக்கு நேராக 64 பிட்டிலேயே நடக்கும். 2003 முதல் வந்த 64 பிட் பிராசஸர்களுக்கு ஜிசிசி இயல்பாகவே இந்த வழியைப் பயன்படுத்துகிறது. பழைய 32 பிட் வழிக்கு, ஸ்டாண்டர்ட்படி துல்லியத்தைக் கட்டுப்படுத்தும் ஆப்ஷன் சி மொழிக்கு 2010-இலும், சி++ மொழிக்கு 2023-இலும் வந்தது. இன்று உங்கள் வீட்டில் இருப்பது 64 பிட் கம்ப்யூட்டர் என்றால் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் பார்க்க மாட்டீர்கள். 32 பிட்டுக்கு என்று கம்பைல் செய்யும்போது மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலைப் படிப்பது எப்படி?

2000-களின் பிற்பகுதியில் வந்த எல்எல்விஎம் வெளியீட்டுக் குறிப்புகளில் "தெரிந்த பிரச்னைகள்" என்று ஒரு பகுதி தவறாமல் இருக்கும். ஒவ்வொரு பிராசஸருக்கான கோட் ஜெனரேட்டருக்கும் தனித் தலைப்பு, ஃப்ரன்ட்-எண்டுக்குத் தனித் தலைப்பு. உதாரணமாக, 8087 வழி ரிஜிஸ்டர்களைத் தொடும் அசெம்பிளி வரிகளில் எல்லாவற்றையும் ஏற்க முடியாது என்று எக்ஸ்86 தலைப்பின் கீழ் எழுதியிருந்தார்கள். 2009-இல் வந்த 2.6 பதிப்பில் கிளாங் சி மொழிக்குத் தயாராக இருந்தது, சி++ மொழிக்குத் தயாராகவில்லை. அடுத்த வருடமே அதுவும் தயாரானது.

இப்படிப்பட்ட பட்டியலில் சில சொற்களுக்குப் பொருள் தெரிந்தால் போதும்.

* "இன்னும் ஆதரவில்லை" என்றால் பயன்படுத்தினால் எர்ரர் வரும் என்று எடுத்துக்கொள்ளலாம்.
* "பகுதி ஆதரவு" என்றால் எளிய உதாரணம் ஓடும், சிக்கலானது ஓடாமல் போகலாம்.
* "பரிசோதனை நிலை" என்றால் விளையாடிப் பார்க்கலாம். கடைக் கணக்கு, சம்பளக் கணக்கு எழுத வேண்டாம்.
* "நீக்கப்படும்" என்றால் புதிதாக அதை நம்பி எதையும் ஆரம்பிக்காதீர்கள். ஜிசிசியில் இருந்த ஜாவா ஃப்ரன்ட்-எண்ட் 2017-இல் வந்த 7-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது.

பட்டியல் நீளமாக இருந்தால் மோசமான கம்பைலர் என்று நினைக்காதீர்கள். பட்டியலே இல்லாத கம்பைலருக்குத்தான் பயப்பட வேண்டும்.

தெரியாத குறைகளும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சிஸ்மித் என்ற கருவியை உருவாக்கினார்கள். அது தானாகவே விதவிதமான சி புரோகிராம்களை எழுதித் தள்ளும். அவற்றைப் பல கம்பைலர்களில் ஓட்டி விடைகளை ஒப்பிட்டார்கள். அதுவரை யாருக்கும் தெரியாத 325-க்கும் மேற்பட்ட குறைகளைக் கண்டுபிடித்ததாக 2011-இல் வெளியிட்டார்கள். சோதித்த எல்லாக் கம்பைலர்களிலும் குறை இருந்தது. பிரான்ஸில் உருவான காம்ப்செர்ட் கம்பைலர், சரியாக மொழிபெயர்க்கிறது என்று கணித முறையில் நிரூபிக்கப்பட்டது. மற்றவற்றில் நடுப்பகுதியில் கிடைத்த வகைக் குறைகள் இதில் கிடைக்கவில்லை. நிரூபிக்கப்படாமல் விட்டிருந்த பகுதிகளில் மட்டும் குறை கிடைத்தது. அதில் ஃப்ரன்ட்-எண்டும் ஒன்று!

தப்பு யாருடையது? கண்டுபிடிக்க ஆறு படிகள்

இவ்வளவும் படித்துவிட்டு, எது நடந்தாலும் கம்பைலர் மேல் பழி போடாதீர்கள். ஆரம்ப நிலையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை தப்பு நம்முடையதாகவே இருக்கும். வரிசையாகச் சோதியுங்கள்.

1. முதல் எர்ரரை மட்டும் படியுங்கள். கீழே உள்ளவை பெரும்பாலும் அதன் எதிரொலி. முதலாவதைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

2. முக்கியமான எச்சரிக்கை மெசேஜ்களைக் காட்டச் சொல்லுங்கள். ஜிசிசியிலும் கிளாங்கிலும் இதற்கு "டபிள்யூ ஆல்" என்ற ஆப்ஷன் உண்டு. மதிப்பு கொடுக்காத வேரியபிள் போன்ற பல தவறுகள் இதிலேயே தெரிந்துவிடும்.

3. ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஒரு முறை, வைத்து ஒரு முறை ஓட்டுங்கள். விடை மாறினால் எண் வழிதல், மதிப்பில்லாத வேரியபிள், தசம எண் ஒப்பீடு ஆகிய மூன்றையும் தேடுங்கள்.

4. இன்னொரு கம்பைலரில் ஓட்டுங்கள். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் ஒரே எர்ரர் வந்தால் புரோகிராமில்தான் தப்பு என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம்.

5. புரோகிராமைச் சுருக்குங்கள். சம்பந்தமில்லாத வரிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பத்து வரிக்குக் கொண்டுவாருங்கள். பாதி வழியிலேயே காரணம் தெரிந்துவிடும்.

6. அப்போதும் புரியவில்லை என்றால் கம்பைலரின் பதிப்பு எண்ணைப் பார்த்து, அந்தப் பதிப்புக்கான குறைபாடுகள் பட்டியலைப் படியுங்கள். பட்டியலில் இல்லையென்றால் அந்தப் பத்து வரிகளோடு தயாரிப்பாளர்களுக்கு எழுதுங்கள். ஜிசிசி, எல்எல்விஎம் இரண்டிலும் யார் வேண்டுமானாலும் குறையைப் பதிவு செய்யலாம்.

கேள்வி - பதில்

0.1-ஐப் பத்து முறை கூட்டினால் 1 வரவில்லையே, இது கம்பைலரின் குறையா?

இல்லை. 0.1 என்ற எண்ணை இரண்டடிமான முறையில் முழுமையாக எழுத முடியாது. "டபுள்" கணக்கில் 0.9999999999999999 என்று வரும். பணக் கணக்கு எழுதுகிறவர்கள் ரூபாயைத் தசமத்தில் வைக்காமல், எல்லாவற்றையும் பைசாவாக மாற்றி முழு எண்ணில் வைத்துக்கொள்வது நல்லது. அப்போது "இன்ட்" வழியாமல் "லாங் லாங்" போட மறக்காதீர்கள்.

"வட்டி" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்கிறதே?

அதுவும் குறையல்ல. "எஸ்டிஆர்லென்" ஃபங்ஷன் எண்ணுவது எழுத்துகளை அல்ல, பைட்டுகளை. வ, ட, புள்ளி, ட, இகரக் குறி என 5 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15.

டர்போ சி++ இன்றைய விண்டோஸில் ஓடுமா?

64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம்கள் நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டர் வழியாக ஓட்டலாம். புதிதாகக் கற்பவர்கள் இன்றைய கம்பைலரிலேயே தொடங்குவது நல்லது.

செய்து பாருங்கள்

மேலே சொன்ன மூன்று வரிப் பெருக்கலை உங்கள் கம்ப்யூட்டரில் அடியுங்கள். முதலில் 200, பிறகு 5000, பிறகு 50000 என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் விடையைக் காகிதத்திலும் போட்டு ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் இரண்டும் பிரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஏ, பி இரண்டையும் "லாங் லாங்" ஆக்கி, சி-யையும் அப்படியே மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

எர்ரர் வந்தால் கவலைப்படாதீர்கள், கம்பைலர் நம்மோடு பேசுகிறது என்று அர்த்தம். எர்ரரே வராமல் ஒரு விடை வந்து நின்றால்தான் காகிதத்தையும் பேனாவையும் எடுக்க வேண்டும்.